கோவா இலைக்கு உரியவர்கள்

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சேரும் மரக்கறிக் கழிவைப் பசளையாக மாற்றும் ஒரு திட்டத்தில், சமூகத் தொடர்புப் பொறுப்பில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். பயிர், மரம், கடல், சந்தை ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் உயிர்ப்பொருளை மூலப்பொருளாகக் கொண்டு ஒரு பிரதேசத்தின் உற்பத்தியையும் தொழிலையும் வளர்ப்பதை உயிரியல் பொருளாதாரம் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் இதற்கென ஒரு மூலோபாயத்தை வெளியிட்டு 2018இல் புதுப்பித்தது. எங்கள் திட்ட ஆவணமும் அந்தச் சிந்தனையைத் தழுவியே எழுதப்பட்டிருந்தது. உள்ளூர் மக்களின் பங்கேற்புக்கு அதில் ஒரு முழு அத்தியாயம் இருந்தது. அதை நடைமுறைப்படுத்துவதே என் வேலை.

முதற்கூட்டத்தின் தமிழ் அழைப்பிதழை எழுதியவள் நான்தான். 'பங்குதாரர் கலந்துரையாடல்' என்று தலைப்பிட்டேன். ஒரு திட்டத்தோடு தொடர்புடைய எல்லோரையும் குறிக்கும் 'ஸ்டேக்ஹோல்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அலுவலகங்களில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். கொழும்பின் மொத்த மரக்கறிச் சந்தையான பேலியகொட மெனிங் சந்தையில் கோவாவும் (முட்டைக்கோஸ்) லீக்ஸும் மொத்தமாக விற்கும் ஒரு முதலாளி அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "இதுக்கு நாங்க எவ்வளவு போடணும், மிஸ்?" என்று கேட்டார். வியாபாரிக்குப் பங்குதாரர் என்றால் முதல் போட்டவர், கணக்குக் கேட்க உரிமை உள்ளவர். நாங்கள் அழைத்ததோ ஏற்கெனவே தீர்மானமாகிவிட்ட ஒன்றைக் கேட்டுவிட்டுப் போவதற்கு. அவர் கேள்விக்கு அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை.

கூட்டம் காலை 10 மணிக்கு நகரின் ஒரு மண்டபத்தில், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தது. இரவெல்லாம் லொறி இறக்கி, விடிய விடிய விற்றுக் களைத்தவர்கள் உறங்கப் போகும் நேரம் அது. சந்தையிலிருந்து மூவர் மட்டும் வந்திருந்தனர், மூவரும் பேசவில்லை. பங்கேற்பு நிறைவேறியதாக எங்கள் அறிக்கை பதிவு செய்தது.

அந்த அறிக்கை என்னை உறுத்தியது. அடுத்த சில வாரங்கள் பின்னிரவு 3 மணிக்குச் சந்தைக்குப் போய் நின்றேன். புறக்கோட்டையில் இருந்த மெனிங் சந்தை 2020இன் இறுதியில் களனி ஆற்றுக்கு அப்பால் பேலியகொடவுக்கு மாற்றப்பட்டது; நுவரெலியாவிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் வரும் லொறிகளை அங்கே நாட்டாமிகள் எனப்படும் சுமைதூக்கும் தொழிலாளர்கள் இறக்குகிறார்கள். கோவாவின் வெளி இலைகள் உரிக்கப்பட்டுத் தரையில் குவிகின்றன. எங்கள் பொறியியலாளர்கள் அந்தக் குவியலை எடை போட்டு, 'கிடைக்கக்கூடிய கழிவு' என்ற நிரலில் எழுதியிருந்தார்கள். ஆனால் விடிவதற்குள் வத்தளைப் பக்கத்து மாட்டுக்காரர்கள் முச்சக்கர வண்டிகளில் வந்து நல்ல இலைகளைச் சாக்குகளில் கட்டிக்கொண்டு போவதைக் கண்டேன். பன்றிப் பண்ணைகளுக்கு ஒரு சிறு லொறி போனது. சாக்குக்கு இவ்வளவு என்று நாட்டாமி ஒருவருக்குக் கைக்காசு கிடைத்தது. நாங்கள் கழிவு என்று கணக்கிட்ட பொருளின் பெரும்பகுதிக்கு ஏற்கெனவே உரியவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் எங்கள் அழைப்புப் பட்டியலில் இல்லை.

ஒரு பிரதேசத்தின் உயிர்ப்பொருளை மதிப்பிடும்போது எவ்வளவு இருக்கிறது என்பதற்கு முன், அது இப்போது யாரிடம் போகிறது என்று கேட்க வேண்டும் என்பதை அந்த வாரங்களில்தான் உணர்ந்தேன். தராசு அதற்குப் பதில் சொல்லாது. மரத்தூளிலும் இதுவே நடந்தது: கோவா இலையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால், கூட்டெரு துர்நாற்றமின்றி உக்குவதற்கு நைதரசன் ஒரு பங்குக்குக் காபன் 25 முதல் 30 பங்கு வரை வருமாறு மரத்தூள் போன்ற காபன் மிகுந்த உலர்ந்த பொருளைக் கலக்க வேண்டும். மொறட்டுவைத் தச்சுப்பட்டறைகளின் மரத்தூளை நாங்கள் இலவசமாகக் கிடைப்பது என்று எழுதி வைத்திருக்க, கோழிப் பண்ணைக்காரர்கள் அதற்குப் பல வருடங்களாகக் காசு கொடுத்து வந்தார்கள்.

மக்களைக் கேளாமல் செய்வதன் விலையைக் கொழும்பு நன்கு அறியும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அம்மேட்டுக்கு எதிராக அங்குள்ளவர்கள் அதற்கு முன் பல வருடங்கள் போராடியிருந்தார்கள். 2021இல், நாடு முழுவதும் சேதன (இயற்கை) பசளைக்கு மாற வேண்டுமென்று இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. அதன் பிறகு சேதனப் பசளை என்று நான் வாயைத் திறந்தாலே விவசாயிகள் முகம் திருப்புகிறார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. நல்ல பொருள் ஒன்றைக் கேள்வியின்றித் திணித்ததால் அதன் பெயரே கெட்டுப்போனதை நினைக்க எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது.

இரண்டாவது கூட்டத்தைச் சந்தைக்குள்ளேயே, விற்பனை ஓய்ந்த பின், தமிழிலும் சிங்களத்திலும் நடத்தினோம். அதற்குச் சில நாள் முன்னர், தரை கூட்டும் ஒரு பெண்மணி என்னைக் குவியலருகே கூட்டிச் சென்றார். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பிழைப்புக்காகக் கொழும்பு வந்தவர். ஒரு பிடி இலையை அள்ளி விரித்து, அதற்குள்ளிருந்து வெள்ளை நைலோன் நூலொன்றை இழுத்தார்; இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது. சாக்கின் வாயைத் தைத்த நூல். "இலை மக்கிப் போயிரும் மிஸ், இது போகாது. சாக்கு வெட்டுற எடத்துலயே ஒரு பீப்பா வைக்கச் சொல்லுங்க." முதல் தொகுதிப் பசளை வீட்டுத்தோட்டக்காரர்களிடமிருந்து திரும்பி வந்ததற்கு இந்த நூல்தான் காரணம். அதைச் சலித்தெடுக்கும் இயந்திரம் வாங்குவதற்கு நாங்கள் விலைமனு கோரிக்கொண்டிருந்தோம்.

பீப்பாக்கள் வைத்தோம், நூல் பெருமளவு குறைந்தது. காலை 6 மணி வரை மாட்டுக்காரர்களும் பண்ணைக்காரர்களும் எடுப்பது, எஞ்சியதையே நாங்கள் எடுப்பது என்று அந்தக் கூட்டத்தில் முடிவானது. எங்களுக்குக் கிடைக்கும் அளவு ஆவணத்தில் எழுதியதைவிட மிகவும் குறைந்தது. பசளை நிலையத்தின் கொள்ளளவைத் திருத்த நேர்ந்தபோது மேலிடத்தில் எனக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. ஆயினும் அந்தச் சிறிய நிலையம் தடங்கலின்றி ஓடுகிறது.

நூலையும் பொலித்தீனையும் பிரித்துப் போடும் பெண்களுக்கு அந்த வேலைக்கென இதுவரை தனிச் சம்பளம் இல்லை. அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்ட வரைவில் அதற்கு ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அந்தத் தொகையைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு அவர்களில் இருவர் வருகிறார்கள்.