அட்மின் லாவும் சிபிசியும் தனித்தனியா படிக்காதீங்க, என் அனுபவம்

எல்எல்பி முடிக்கப் போறவங்க, சிவில் ஜட்ஜ் எக்ஸாமுக்கு தயாராகுறவங்க நிறைய பேர் அட்மினிஸ்ட்ரேட்டிவ் லாவுக்கு (அரசு அதிகாரிகளோட முடிவுகளை கட்டுப்படுத்துற சட்டம்) ஒரு நோட்டு, சிபிசிக்கு (சிவில் கேஸ் நடத்துற முறையைச் சொல்ற சட்டம்) ஒரு நோட்டுன்னு போட்டு ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி படிக்கிறாங்க. ஒரு சம்பவத்தைக் குடுத்து தீர்வு கேக்குற ப்ராப்ளம் கொஸ்டின் வந்தா அங்கதான் மாட்டிக்குவாங்க. நான் படிச்ச முறை என்னன்னா, ஒரே சம்பவத்தை எடுத்துக்கிட்டு, இவர் எந்த கோர்ட்டுக்கு போகணும், என்ன கேக்கணும்னு ரெண்டு பக்கமும் எழுதிப் பாக்குறது.

உதாரணத்துக்கு, தாசில்தார் ஒருத்தரோட பட்டாவை நோட்டீஸே குடுக்காம ரத்து பண்ணி பக்கத்து நிலத்துக்காரர் பேருக்கு மாத்திட்டார்னு வைங்க. நோட்டீஸ் இல்ல, விசாரணை இல்ல, அப்போ இயற்கை நீதி (முடிவெடுக்குறதுக்கு முன்னாடி அவர் தரப்பைக் கேக்கணும், முடிவெடுக்குறவர் பாரபட்சமா இருக்கக் கூடாதுங்கிற விதி) மீறல், அரசியலமைப்புச் சட்டம் 226ல ஹைகோர்ட்ல ரிட் (அதிகாரியோட நடவடிக்கையை எதிர்த்துப் போடுற மனு) போடலாம், செர்ஷியோரரி, அதாவது அந்த உத்தரவை ரத்து பண்ற ரிட், கேக்கலாம். எதிர்தரப்பு உடனே "ஆர்டிஓகிட்ட (வருவாய் கோட்டாட்சியர்) அப்பீல் இருக்கே, அங்க போங்க"ன்னு சொல்வாங்க, அதுக்கு சுப்ரீம் கோர்ட்டோட 1998 வேர்ல்பூல் கேஸ் கைல இருக்கணும், இயற்கை நீதி மீறல் இருந்தா மாற்று வழி இருக்குங்கிறது மட்டுமே ரிட்டுக்கு தடை ஆகாது. ஆனா அந்த நிலம் உண்மையிலேயே யாருதுன்னு சண்டை வந்துட்டா ரிட் கோர்ட் பொதுவா அதுக்குள்ள போகாது, சாட்சி விசாரிக்கணும், பத்திரம் பாக்கணும், அது சிவில் கோர்ட் வேலை, சிபிசி செக்‌ஷன் 9, டிக்ளரேஷன் சூட், அதாவது உரிமை தனக்குத்தான்னு அறிவிக்கக் கேக்குற வழக்கு. ஒரே சம்பவம்தான், முடிவு எடுத்த விதத்தை கேள்வி கேட்டா ரிட், உரிமையை நிலைநாட்டணும்னா சூட். இது பிடிபட்டாலே பாதி சிலபஸ் தானா மண்டைல உக்காந்துடும்.

செக்‌ஷன் 80ஐ (இதுவும் சிபிசிதான்) மட்டும் தயவுசெஞ்சு நுனிப்புல் மேயாதீங்க. அரசு மேல சூட் போடணும்னா எழுத்துல நோட்டீஸ் குடுத்து 2 மாசம் காத்திருக்கணும், அவசரம்னா 80(2)ல கோர்ட் அனுமதி வாங்கி நோட்டீஸ் இல்லாமலே போடலாம், ஆனா அரசுக்கு வாய்ப்பு குடுக்காம இடைக்கால உத்தரவு கிடைக்காது. அந்த நோட்டீஸ் காலம் லிமிடேஷன் (கேஸ் போடுறதுக்கான காலக்கெடு) கணக்குல சேராது, லிமிடேஷன் ஆக்ட் செக்‌ஷன் 15(2). இதை சேர்த்து எழுதுறவங்க ரொம்ப கம்மி, எழுதினா பேப்பர் தனியா தெரியும். டிக்ளரேஷனுக்கு பொதுவா 3 வருஷம், ரிட்டுக்கு அப்படி காலவரை இல்ல, ஆனா ரொம்ப தாமதமா வந்தா கோர்ட் கதவை சாத்தலாம்.

கேஸ் லா அம்பது அறுபதுன்னு மனப்பாடம் பண்றதுல எனக்கு நம்பிக்கை இல்ல. கொஞ்சம் கேஸா இருந்தாலும் அதுல நடந்தது தெரியணும். சுப்ரீம் கோர்ட்டோட 1969 க்ரைபக் கேஸ்ல ஒரு அதிகாரி தானும் கேண்டிடேட்டா இருந்துக்கிட்டு செலக்‌ஷன் போர்டுலயும் உக்காந்திருந்தார், தன் பேர் வந்தப்ப மட்டும் எழுந்து போனார், போட்டியாளர்களோட பேர் வந்தப்ப கூடவே இருந்தார். இந்தக் காட்சி ஞாபகம் இருந்தா நிர்வாக முடிவுக்கும் இயற்கை நீதி பொருந்தும்ங்கிற தீர்ப்பை மறக்கவே முடியாது.

சிபிசில ஆர்டர் 39 (இடைக்காலத் தடை), ஆர்டர் 7 ரூல் 11 (வழக்கு மனுவை நிராகரிக்கிறது), ரெஸ் ஜூடிகேட்டா (ஒரு தடவை தீர்ப்பான விஷயத்தை மறுபடி வழக்காடக் கூடாதுங்கிற விதி) இதெல்லாம் கைடுல படிக்காம பேர் ஆக்ட்லயே (விளக்கம் இல்லாத அசல் சட்டப் புத்தகம்) படிங்க. பழைய கொஸ்டின் பேப்பர்ல இருந்து தினமும் ஒரு ப்ராப்ளம் எடுத்து, முதல்ல ரிட்டா சூட்டான்னு ஒரே வரில முடிவெழுதி, அப்புறம் காரணம் எழுதுங்க.