பழைய டைவிங் சாமான்: விலை போடும் முன்

புதுச்சேரி வீட்டுப் பரணில் இரண்டு குழாய் வைத்த பழைய ரெகுலேட்டர் (கடலுக்கடியில் மூச்சுவிட சிலிண்டர் காற்றைத் தரும் கருவி) கிடைத்தால், முதலில் புளியும் பீதாம்பரியும் எடுக்காதீர்கள். பித்தளைமேல் பூசிய குரோமும் பெயர்த்தகடும் அந்தத் தேய்ப்பில் போய்விடும். சேகரிப்பாளர் காசு கொடுப்பதே அவற்றுக்குத்தான். நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணி போதும்.

பிரான்சின் ஸ்பிரோடெக்னிக் நிறுவனம் செய்த மிஸ்ட்ரால் ரெகுலேட்டர் 1955இல் வந்தது. அப்படி ஒன்று என்றால் தகடு, வரிசை எண், வாயில் கவ்வும் பகுதி, குழாய்கள் எல்லாம் அசலா என்று பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தாலும் எறியாமல் தனிப்பையில் போட்டுக் கூடவே கொடுங்கள். திருகாணியில் கை வைக்க வேண்டாம். தலை சிதைந்தால், யாரோ நோண்டியிருக்கிறார்கள் என்று வாங்குபவர் விலையைக் குறைப்பார்.

கடலில் மூழ்குபவர் அணியும் பித்தளைத் தலைக்கவசம் வேறு கதை. பெரும்பாலும் நம் நாட்டிலேயே செய்த அலங்காரப் பொருள்தான். அமெரிக்கக் கடற்படையின் அசல் மார்க் 5 கவசம் சுமார் 25 கிலோ. ஒற்றைக் கையில் லேசாகத் தூக்க முடிந்தால் சந்தேகப்படுங்கள். நூறு வயது தாண்டியது என்றால் தொல்பொருள் சட்டம் (1972) குறுக்கே வரும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

விலைக்கு, ஈபேயில் கேட்கும் தொகையை விடுங்கள், விற்று முடிந்ததைப் பாருங்கள். இரும்பு சிலிண்டருக்குப் பெரும்பாலும் கூரியர் செலவே கட்டாது. உள்ளூரிலேயே தள்ளிவிடுங்கள், காற்றை முழுக்க இறக்கிவிட்டு. விளம்பரத்தில் “நீருக்கடியில் சோதிக்கவில்லை, காட்சிக்கு மட்டும்” என்று கட்டாயம் எழுதுங்கள்.