இருபதாவது பல்

பல் சக்கரம் வெட்டப் போய் மூன்று பித்தளை வில்லைகளைக் கழிவு டப்பாவில் போட்ட பிறகு, நேற்று ராத்திரி நாலாவது முயற்சி ஜோடியாகச் சரியாக வந்தது. அதைத் தண்டோடு கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்ததில் சோறு ஆறிப்போய், வீட்டில் வாங்கிய வசவு தனிக்கதை.

குன்னூரில் இருந்துகொண்டு மலை ரயிலைச் சின்னதாகச் செய்து பார்க்க ஆசைப்படாத கடைசல்காரன் இருக்க முடியாது. முழு எஞ்சினுக்கு எனக்கு ஆயுளும் போதாது, என் ஏழுக்குப் பதினாலு அங்குல லேத்துக்கு உயரமும் போதாது. அதனால் பல் சக்கரமும் பல் சட்டமும் மட்டும், கையால் சுற்றினால் ஏறுகிற மாதிரி. கல்லாறு முதல் குன்னூர் வரை 12-க்கு 1 சரிவில் வண்டி ஏறுவது அந்தச் சட்டத்தைப் பிடித்துத்தான். அது ஆப்ட் முறை. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு சட்டங்கள் ஒட்டி ஓடும், ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் பக்கத்துச் சட்டத்தில் பள்ளம். எந்த நொடியிலும் ஒரு பல்லாவது பிடியில் இருக்கும். ஹில்குரோவில் வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும்போது பலபேர் குரங்கைப் பார்ப்பார்கள், நான் தண்டவாளத்தைப் பார்ப்பேன்.

ஆகவே எனக்குத் தேவை இரட்டைச் சக்கரம், ஒன்றுக்கொன்று அரைப்பல் தள்ளி. மாட்யூல் (பல்லின் பருமனைச் சொல்லும் எண்) 1, 20 பல், வெளிவிட்டம் 22 மி.மீ., வில்லை ஒவ்வொன்றும் 4 மி.மீ. கனம். இது நிஜத்துக்கு எத்தனையில் ஒரு பங்கு என்று கேட்காதீர்கள், கிடைத்த பல் வெட்டும் கட்டர்தான் விகிதத்தை முடிவு செய்தது. கட்டர் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மாட்யூல் கட்டரில் 3-ம் நம்பர் 17 முதல் 20 பல்லுக்கு. அங்குலக் கணக்கான டி.பி. கட்டரில் நம்பர் தலைகீழாக ஓடும், அங்கே 3 என்றால் 35 முதல் 54 வரை. கோவையில் ஒரு கடையில் ‘மூணாம் நம்பர்’ என்று மட்டும் கேட்டு டி.பி. கட்டரோடு மலையேறி வந்தவன் நான். தப்பு என்னுடையதுதான், ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்ன விதம் இன்னும் எரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வில்லையைக் கோணம் பார்த்துத் திருப்பும் ரோட்டரி டேபிள் நாலு அங்குலம், 72-க்கு 1, கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 5 டிகிரி. 20 பல் என்றால் பல்லுக்கு 18 டிகிரி, மூன்று சுற்றும் 3 டிகிரியும். கணக்கில் சிக்கலே இல்லை. பத்தொன்பது பல் லட்சணமாக வந்தது. இருபதாவது பல் மட்டும் ஒல்லி. கண்ணுக்கே தெரிகிற ஒல்லி.

எண்ணிக்கையில் தவறியிருப்பேன் என்று நினைத்து, சீட்டில் எழுதி டிக் போட்டுக்கொண்டே இரண்டாவது வில்லையை வெட்டினேன். அதே ஒல்லி. மூன்றாவதில் ஒரே பக்கமாகவே சுற்றி, கியர் ஆட்டத்தை எடுத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் டேபிளைப் பூட்டினேன். அதுவும் ஒல்லி. பித்தளை இன்று விற்கிற விலைக்கு இது விளையாட்டில்லை.

வெர்னியரால் மூன்று பல்லைச் சேர்த்துப் பிடித்து அளந்தபோதுதான் கொஞ்சம் பிடி கிடைத்தது. 20 பல், மாட்யூல் 1, 20 டிகிரி அழுத்தக் கோணப் பல்லுக்கு அது 7.66 மி.மீ. வர வேண்டும். என் வில்லையில் எங்கே பிடித்தாலும் 7.69 அல்லது அதற்குப் பக்கத்தில். ஒல்லிப்பல் இருக்கும் இடத்தில் மட்டும் 7.37. அதாவது ஒரு பல் தப்பாகவில்லை. ஒவ்வொரு பல்லும் ஒரு மயிரிழை தள்ளிப்போய், மொத்தக் கடனையும் கடைசிப் பல் அடைத்திருக்கிறது. கணக்குப் போட்டால் வெட்டுக்கு 0.1 டிகிரி. டேபிளில் அவ்வளவு பிசகு ஒரே திசையில் வராது. வேறு ஏதோ நகர்கிறது.

அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையின் டூல் ரூமில் (கருவிப் பட்டறை) இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். வில்லையைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெர்னியர் கணக்கைச் சொல்ல ஆரம்பித்ததும் கையை அமர்த்தினார். “தம்பி, அளவெல்லாம் அப்புறம். பல்லு சாஞ்சிருக்கு பாரு.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எல்லாப் பல்லும் ஒரே பக்கம் சாய்ந்து, காற்றடிக்கும் சரிவில் நிற்கும் மரம் மாதிரி. மூன்று வில்லை வெட்டியும் என் கண்ணில் படாதது.

பல் சாய்ந்தால் கட்டர் மையத்தில் இல்லை. ஆனால் நான் மையம் வைத்துத்தானே வெட்டினேன்? வில்லையை மாட்டும் தண்டான மாண்ட்ரலின் மேல் முதுகில் கட்டரைத் தொட வைத்து, மாண்ட்ரலின் பாதி விட்டமும் கட்டரின் பாதிக் கனமும் இறக்கி, கட்டரைச் சுழற்றும் மில்லின் தலையைப் பூட்டி... அந்தப் பூட்டில்தான் வில்லங்கம். நுண்ணிய நகர்வைக் காட்டும் டயல் கேஜை மேசையில் நிறுத்தி முள்ளை மில்லின் தலைக்கு அடியில் வைத்து, பூட்டை முறுக்கினேன். முள் 0.22 மி.மீ. நகர்ந்தது! மினி மில்லின் கிப் (தலை ஓடும் தடத்தில் ஆட்டத்தை அடைக்கும் பட்டை) தளர்வாக இருந்தால், பூட்டும் திருகு கிப்பை ஒரு பக்கமாக அமுக்கித் தலையைக் குனிய வைக்கிறது. அளந்ததெல்லாம் பூட்டுவதற்கு முன்னால், வெட்டியதெல்லாம் பூட்டிய பின்னால்.

மீதியை நானே கோத்துக்கொண்டேன். கட்டர் மையத்துக்கு மேலோ கீழோ இருந்தால் வில்லையை அமுக்கும் விசை மையத்தின் வழியாகப் போகாது, ஒவ்வொரு வெட்டிலும் ஒரே திசையில் திருகும். நான் வில்லையை வழவழப்பான மாண்ட்ரலில் வெறும் நட்டால் இறுக்கியிருந்தேன். திருகிய திசை நட்டைக் கழற்றுகிற திசை. சந்தேகம் தீர, மூன்றாவது வில்லையில் மாண்ட்ரலுக்கும் வில்லைக்கும் சேர்த்து ஊசியால் ஒரு கோடு கீறிவிட்டு இன்னொரு சுற்று வெட்டினேன். முடிவில் கோடு இரண்டாக உடைந்து நின்றது.

நாலாவதற்குச் செய்தது: கிப் திருகு மூன்றையும், தலை கனமாக நகரும் வரை இறுக்கினேன். பூட்டைப் பாதி முறுக்கி வைத்துக்கொண்டே உயரம் கொண்டுவந்து, முழுதாகப் பூட்டிய பிறகுதான் டயலைப் படித்தேன். இப்போது முள் 0.02 நகர்கிறது, அதோடு வாழலாம். மையத்தைச் சரிபார்க்க ஒரு துண்டுப் பித்தளையில் லேசாக ஒரு கீறல் வெட்டி, டேபிளை 180 டிகிரி திருப்பி, கட்டரை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் அதே கீறலில் ஓட்டினேன். மையம் தப்பினால் கீறல் தப்பைப் போல் இரண்டு மடங்கு அகலும். மூன்றாம் முயற்சியில் அகலவில்லை.

வில்லை மாண்ட்ரலில் வழுக்காமல் இருக்க ஊசி (சின்னக் கம்பி முளை) அடித்தேன், அதிலேயே அரைப்பல் கணக்கும் தீர்ந்தது. இது எனக்கே பிடித்துப்போன தந்திரம், கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன். இரண்டு வில்லைகளையும் ஒட்டி மாண்ட்ரலில் ஏற்றி, 0 டிகிரியில் ஒன்றும் 99 டிகிரியில் ஒன்றுமாக 2 மி.மீ. ஓட்டைகள், மாண்ட்ரலின் தடித்த விளிம்பான காலர் வரை போகும்படி. 99 என்பது ஐந்தரைப் பல், டேபிளில் பத்தொன்பது சுற்றும் 4 டிகிரியும். ஊசிகளை ஏற்றி இரண்டையும் ஒன்றாகவே வெட்டிவிட வேண்டியது. பிறகு ஒரு வில்லையை மட்டும் அதே இடத்தில் சுற்றி, அதன் முதல் ஓட்டையை மற்றதன் இரண்டாம் ஓட்டையோடு சேர்த்து ஊசி அடித்தால் பல் அரைப்பங்கு தானாகத் தள்ளி நிற்கும். கோணம் பார்த்து ஒட்டுகிற வேலையே இல்லை.

சுற்றிலும் அளந்தேன்: 7.65, 7.66, 7.66, ஓரிடத்தில் 7.67. போதும்.

நடுவில் ஒரு மடத்தனம். தேயிலைத் தொழிற்சாலைகளின் சி.டி.சி. (இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும்) ரோலருக்குப் பல் வெட்டித் தரும் பட்டறையில் எவர்சில்வர் துண்டு ஒன்று சும்மா கிடைத்தது. இலவசம் என்றதும் அதில் சட்டம் வெட்டப் பார்த்தேன். எவர்சில்வர், தேய்த்துக்கொண்டு நின்றால் அந்த இடத்திலேயே இறுகிவிடும். கட்டரின் இரண்டு பல் மழுங்கியதுதான் மிச்சம். சட்டத்துக்குப் பித்தளைப் பட்டையே வாங்கப் போகிறேன், கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் எடைக்குக் கிடைக்கும். பல்லுக்குப் பல் 3.14 மி.மீ. நகர்த்துவதற்கு மில்லின் டயலை நம்பலாமா, டிஜிட்டல் ஸ்கேல் மாட்டுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. ஸ்கேலுக்கு மனசு சாய்கிறது, பர்ஸ் சாயவில்லை.

ஐப்பசி மழை வந்தாயிற்று. மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து லேத்தின் பெட் மேல் உட்கார்ந்துகொள்கிறது, காலையில் சக் முகத்தில் செம்பழுப்புப் புள்ளி. லேத்தை மூடும் பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரிய விட்டிருக்கிறேன். குண்டு பல்பு தேடுவது கட்டர் தேடுவதைவிடக் கஷ்டமாகிவிட்டது.

ஊசி அடித்த ஜோடியை இன்னும் மாண்ட்ரலிலிருந்து கழற்றவில்லை. பிசிறு எடுக்க வேண்டும், நாளைக்குக் கரண்ட் நிறுத்தம் என்று சொல்லியிருக்கிறார்கள். நல்லதுதான், பிசிறு எடுக்க அரமும் பகல் வெளிச்சமும் போதும்.