கோழிக்கு ஒரு தரைக்கதவு

அமெரிக்காவின் வட கரோலினா மாநில மலைப்பாதையில், பூன் நகரிலிருந்து சில மைல் தள்ளி வேல் குரூசிஸ் என்ற சிற்றூர். வளைவு ஒன்று திரும்பியதும் சாலையை ஒட்டி வெள்ளை மரக் கட்டடம் ஒன்று தெரிந்தது. மாஸ்ட் பலசரக்குக் கடை. இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

உள்ளே காலை வைத்ததும் பலகைத் தரை கிறீச்சிட்டது. நடுவில் வயிறு பருத்த இரும்புக் கணப்பு அடுப்பு. சுற்றி அலமாரிகளில் துணி, கருவி, செருப்பு, மிட்டாய் எல்லாம் இருந்தன. ஆனால் என் கண் தேடியது தரையில் இருக்கும் ஒரு சின்னக் கதவை. கண்டுபிடித்ததும் அப்படியே குனிந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் இந்த மலை விவசாயிகளிடம் ரொக்கம் அரிது. கோழி, காட்டில் தோண்டிய வேர், மூலிகை என்று கையில் இருப்பதைக் கொண்டுவந்து, வேண்டிய சாமானை வாங்கிப் போவார்கள். அப்படி வந்த கோழிகளை இந்தக் கதவு வழியாகத்தான் கீழே இருந்த கூண்டுக்குள் இறக்கினார்கள். பண்டமாற்று பற்றிப் பள்ளியில் படித்ததுண்டு. அதற்கென்றே தரையை அறுத்து வழி செய்த கட்டடத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

1883-ல் கடையைத் தொடங்கியவர் ஹென்றி டெய்லர். டபிள்யூ. டபிள்யூ. மாஸ்ட் 1897-ல் பாதிப் பங்கை வாங்கினார். 1913-ல் முழுக் கடையும் அவருடையதானது. தொட்டில் முதல் சவப்பெட்டி வரை இங்கே கிடைக்கும் என்பது அவர் காலத்துப் பெருமை. ஒரு மனிதனின் வாழ்நாள் முழுதுக்குமான சாமான் இந்த நான்கு சுவருக்குள்!

1973-ல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இந்தக் கட்டடம் இடம்பெற்றது. அப்படியும் 1977-ல் கடை மூடப்பட்டது. பதிவேட்டில் பெயர் இருந்தால் போதாது, தினமும் யாராவது பூட்டைத் திறக்க வேண்டும். 1980-ல் ஒரு தம்பதி அதைச் செய்தார்கள். அவர்களுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

சரி, கிளம்பலாம் என்று திரும்பியபோது ஒரு பெரியவர் உள்ளே வந்தார். சாமான் எதையும் பார்க்கவில்லை. நேராகக் கடைக்குள்ளேயே இருக்கும் தபால் நிலையத்துக்குப் போய், கடிதங்களை எடுத்துக்கொண்டு, கணப்பருகே சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார்.