ஆறு எம்.பி., ஒரு வீட்டோ: பிரஸ்ஸல்ஸில் மால்டா

ஐரோப்பிய ஒன்றியத்தில் சின்ன நாடுகளுக்கு என்ன மரியாதை இருக்கப் போகிறது, ஜெர்மனியும் பிரான்ஸும் பேசி முடித்ததற்குத் தலையாட்டுவதுதானே வேலை என்று பலரும் சொல்கிறார்கள். மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டாவைக் கொஞ்சம் கவனித்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

மொத்தமே 316 சதுர கிலோமீட்டர், ஐந்து லட்சத்துச் சொச்சம் ஜனங்கள். ஆனால் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஆறு இடம். எட்டு கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் ஜெர்மனிக்கு 96. கணக்குப் போட்டுப் பாருங்கள், மால்டாவில் ஒரு லட்சம் பேருக்கும் குறைவாக ஒரு எம்.பி., ஜெர்மனியில் எட்டு லட்சம் பேருக்கு மேல் ஒருவர். 2022-ல் அந்த நாடாளுமன்றத்தின் தலைவராகி, 2024-ல் மறுபடியும் ஜெயித்த ரொபெர்ட்டா மெட்சோலாவும் மால்டாக்காரர்தான்.

இவ்வளவுக்கும் சேருவதா வேண்டாமா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. 1990-ல் விண்ணப்பித்தார்கள், 1996-ல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அதைக் கிடப்பில் போட்டது, 1998-ல் தேசியக் கட்சி வந்து தூசி தட்டி எடுத்தது. 2003 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் 'ஆம்' வாங்கியது ஏறக்குறைய 54 சதவீதம். தொழிற்கட்சித் தலைவர் ஆல்ஃப்ரெட் சான்ட் விடவில்லை, ஓட்டுப் போட வராதவர்களையும் செல்லாத ஓட்டையும் 'இல்லை' கணக்கோடு சேர்த்து நாங்கள்தான் ஜெயித்தோம் என்றார்! அடுத்த மாதம் 12-ந் தேதி பொதுத்தேர்தல், தேசியக் கட்சிப் பிரதமர் எடி ஃபெனெக் அடாமி ஜெயித்தார், நாலாவது நாளே ஏதென்ஸில் சேர்க்கை ஒப்பந்தத்தில் கையெழுத்து. 2004 மே 1-ல் உறுப்பினர்.

அப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். அதே சான்ட் 2014 முதல் பத்து வருடம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் எம்.பி.யாக இருந்தார். சேரக் கூடாது என்று பிரச்சாரம் செய்த ஜோசப் மஸ்கட் 2004-லேயே எம்.பி.யாகப் போய், பின்னாளில் பிரதமராகி, 2017-ல் தன் முறை வந்து மால்டா ஆறு மாதம், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் ஒன்றியக் கவுன்சிலுக்குத் தலைமை வகித்தபோது விருந்தோம்பலும் செய்தார். ஒன்றியத்துக்குள் செல்போன் ரோமிங் கட்டணம் ஒழிந்தது அந்த ஆறு மாதத்தில்தான்.

மெட்சோலா மாதிரி முகங்கள் செய்தியில் வரும், சரி, ஆனால் அன்றாட வேலை நடப்பது பிரஸ்ஸல்ஸ் நகரில் இருக்கும் டார் மால்டாவில். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைமையகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்தக் கட்டடத்தில்தான் நிரந்தரப் பிரதிநிதியின் அலுவலகம். சாதாரணத் தூதரகம் மாதிரி இன்னொரு நாட்டோடு உறவு பேணுவது இல்லை இது, சட்ட வரைவை வரி வரியாகப் பிடித்துப் பேரம் பேசுகிற இடம். உறுப்பு நாடுகளின் தூதர்கள் அநேகமாக வாராவாரம் ஒரே மேஜையைச் சுற்றி உட்காருவார்கள், ஜெர்மனிக்கும் ஒரு நாற்காலி, மால்டாவுக்கும் ஒரு நாற்காலி. அதற்குக் கீழே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பணிக்குழுக்கள். பெரிய நாடுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள் வைத்திருக்கும், மால்டாவில் ஒருவரே பல குழுக்களைச் சுமக்க வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு கூட்டம் வந்தால் ஒன்றில் நாற்காலி காலிதான். அதனால் எல்லாவற்றிலும் வாய் திறக்க மாட்டார்கள். மீன்பிடி, கப்பல், கடல் வழி வரும் அகதிகள், வரி என்று வந்தால் விட மாட்டார்கள்.

வரிதான் முக்கியம். கவுன்சிலில் பெரும்பாலான சட்டங்களுக்கு 55 சதவீத நாடுகளும் 65 சதவீத மக்கள்தொகையும் போதும், அந்த மக்கள்தொகைக் கணக்கில் மால்டா தூசு. ஆனால் வரிக்கு எல்லாரும் சம்மதிக்க வேண்டும், ஒரே ஒரு நாடு மறுத்தாலும் சட்டம் நின்றுவிடும், அதுதான் வீட்டோ. காகிதத்தில் 35 சதவீத கம்பெனி வரி வைத்துக்கொண்டு, வெளிநாட்டுப் பங்குதாரர்களுக்குப் பெரும்பகுதியைத் திருப்பித் தரும் நாடு அந்த வீட்டோவை லேசில் விடுமா? மற்ற நாடுகளின் வருமானத்தில் கை வைக்கிற அந்த ஏற்பாடு எனக்கு உவப்பில்லை, ஆனாலும் இருக்கிற பிடியைத் தானாக விட்டுக்கொடுக்கும் அரசு எதுவும் கிடையாது.

பணம் கட்டினால் பாஸ்போர்ட் என்ற மால்டாவின் திட்டத்தில் மட்டும் இந்தப் பிடி எடுபடவில்லை. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் அது ஒன்றியச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது, அங்கே யாருக்கும் வீட்டோ கிடையாது.