பின்னால் 40 மில்லிமீட்டர் கூடுதல்

2024 ஜூன் 8, சனி

நான் கட்டிவரும் காருக்காகத் தேடியபோது, சென்னையின் பழைய வண்டி உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் ஒரே கடையில் மாருதி ஜிப்ஸியின் பின் ஆக்சில்கள் இரண்டு கிடைத்தன. கிரீஸும் மண்ணும் அப்பியிருந்ததால் இரண்டும் ஒன்று போலவே தெரிந்தன. நாடா வைத்து அளந்த பிறகுதான் வேறுபாடு புரிந்தது. 1993இல் ஜிப்ஸியின் டிராக் அகலத்தை, அதாவது இடது வலது டயர்களுக்கு இடையிலான தூரத்தை, முன்னும் பின்னும் 90 மி.மீ. கூட்டினார்கள். அதற்கு முந்தைய ஆக்சிலில் பின் டிராக் 1220 மி.மீ., பிந்தையதில் 1310 மி.மீ. "அகலமானதை எடுத்துக்கோங்க தம்பி, வண்டி கவிழாது" என்றார் கடைக்காரர். எஞ்சினின் சுழற்சியை ஆக்சிலுக்குள் வாங்கும் பல்சக்கரமான பினியனைக் கையால் அசைத்துப் பார்த்தபோது, அகலமானதில்தான் ஆட்டம் குறைவாக இருந்தது. அந்த ஒரு காரணத்துக்காக அதை வாங்கினேன்.

காலின் சாப்மன் 1957இல் வெளியிட்ட லோட்டஸ் செவன் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரைப் பின்பற்றி, சதுரக் குழாய்களால் நான் கட்டிவரும் சட்டகத்தின் முன் டிராக் 1270 மி.மீ. எங்கள் வண்டி இப்போது பின்னால் 40 மி.மீ. அகலமாகிவிட்டது. ஆக்சிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் சட்டகத்தை வரைந்திருக்க வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

ஆக்சில் அகலமும் டிராக் அகலமும் ஒன்றல்ல. ஒரு பக்கத்து வீல் டிஸ்க் (டயர் ஏறும் சக்கரம்) பொருந்தும் முகத்திலிருந்து மறு பக்கத்து முகம் வரையிலான நீளம் ஆக்சில் அகலம்; ஒரு டயரின் நடுக்கோட்டிலிருந்து மற்ற டயரின் நடுக்கோடு வரையிலான தூரம் டிராக். இடையில் இருப்பது டிஸ்க்கின் ஆஃப்செட், அதாவது பொருந்தும் முகம் டிஸ்க்கின் நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும் தூரம். பொருந்தும் முகம் டிஸ்க்கின் நடுக்கோட்டுக்கு 15 மி.மீ. வெளியே இருந்தால், டிராக் ஆக்சிலைவிட 30 மி.மீ. குறுகலாகும். வேறு டிஸ்க் மாட்டியதும் பழைய கணக்கு செல்லாது.

ஜூன் 16, ஞாயிறு

அகலம் கூடினால் என்ன கிடைக்கும் என்று நாள் முழுதும் கணக்குப் போட்டேன். ஓட்டுநரோடு 640 கிலோ, புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 450 மி.மீ., வளைவில் பக்கவாட்டு விசை 0.8 ஜி (வண்டி எடையில் 0.8 பங்கு) என்று கொண்டால், உள் சக்கரங்களிலிருந்து வெளிச் சக்கரங்களுக்கு மாறும் சுமை 1220 மி.மீ. டிராக்கில் சுமார் 189 கிலோ, 1310 மி.மீ.யில் சுமார் 176 கிலோ. மிச்சப்படுவது 13 கிலோ. டயரின் பிடிப்பு சுமைக்குச் சரிசமமாகக் கூடுவதில்லை என்பதால், சுமை எவ்வளவு குறைவாக மாறுகிறதோ அவ்வளவுக்கு இரு பக்கத்து டயர்களும் சேர்ந்து தரும் பிடிப்பு மிகும். ஆனால் அதே 13 கிலோவை, டிராக்கைத் தொடாமல், புவியீர்ப்பு மையத்தை 31 மி.மீ. தாழ்த்தியும் பெற்றுவிடலாம். இருக்கையையும் எஞ்சினையும் இறக்குவதற்கே நான் முதலிடம் தருவேன்.

முன்னும் பின்னும் வேறு வேறாக இருப்பதுதான் என்னை உறுத்துகிறது. இரு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் இந்த வகை ஆக்சிலில் வண்டி சாய்வதைத் தடுக்கும் விறைப்பு, ஸ்பிரிங்குகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பொறுத்தது, டிராக்கைப் பொறுத்ததல்ல. ஆகவே பின் டிராக் மட்டும் அகன்றால் அங்கே விறைப்பு அதிகமாகாது, சுமை மாற்றம் மட்டும் குறையும். பின்புறம் பிடித்துக்கொள்ள, முன்புறம் வளைவுக்கு வெளியே நழுவப் பார்க்கும். போதாததற்கு, வளைவின் உட்புறத்தில் பின் சக்கரம் எப்படியும் முன் சக்கரத்தைவிட உள்ளே வெட்டித்தான் போகும். அதுவே அகலமாகவும் இருந்தால், முன் சக்கரம் ஒழுங்காகத் தாண்டிய விளிம்புக்கல்லைப் பின் சக்கரம் இடிக்கும்.

ஜூன் 22, சனி

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வைத்திருக்கும் அண்ணனிடம் ஆக்சிலைக் குறுக்கித் தர முடியுமா என்று கேட்டேன். "ஹவுசிங்கை வெட்டி ஒட்டிடலாம் சார். ஷாஃப்ட்டை வெட்டினா புதுசா ஸ்ப்ளைன் போடணும், டூல் நிக்காது" என்றார். ஹவுசிங் என்பது ஆக்சிலின் வெளிக்கூடு; ஷாஃப்ட் அதற்குள் சுழன்று சக்கரத்தை ஓட்டும் தண்டு; ஸ்ப்ளைன் அதன் முனையில் வெட்டும் பல்வரிசை. ஷாஃப்ட்டின் மேற்பரப்பு வெப்பத்தால் கடினமாக்கப்பட்டது. அதை வெட்டி வெல்டிங் செய்தால் அந்த இடத்தில்தான் முறியும். ஹவுசிங்கும் எளிதன்று. நடுவில் நேர்க்கம்பி கோத்து, எதிரெதிர்ப் பக்கங்களில் சிறு சிறு துண்டாக வெல்டிங் வைத்து ஆறவிடாவிட்டால் குழாய் வளைந்து, பேரிங்கும் ஆயில் சீலும் சீக்கிரம் போய்விடும். வெட்டுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஜூன் 29, சனி

முன் சக்கரங்களில் பக்கத்துக்கு 20 மி.மீ. ஸ்பேசர் (சக்கரத்தின் உட்புறம் செருகும் தடித்த தகடு) வைத்தால் ஒரே மாலையில் கணக்கு நேராகிவிடும் என்று நண்பர் சொன்னார். நான் ஒப்பவில்லை. ஸ்பேசர் சக்கரத்தை மட்டுமே வெளியே தள்ளும். ஸ்டீயரிங் திரும்பும் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் 20 மி.மீ. கூடினால், ஒவ்வொரு குழியும் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும், பேரிங்கை வளைக்கும் சுமையும் ஏறும்.

ஆகவே முன் சக்கரங்களைச் சட்டகத்தோடு இணைக்கும் முக்கோணக் கைகளான விஷ்போன்களையே பக்கத்துக்கு 20 மி.மீ. நீட்டுகிறேன். அவற்றின் உள் முனைகள் நகராததால் ஸ்டீயரிங் ரேக் அப்படியே இருக்கலாம். ரேக்கிலிருந்து சக்கரங்களைத் திருப்பும் டை ராடுகளை மட்டும் அதே அளவு நீட்டினால் போதும்.

ஜூலை 13, சனி

புதிய விஷ்போன்கள் ஏறிவிட்டன. சிமென்ட் தரையில் ஒவ்வொரு டயரின் நடுக்கோட்டிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கி, அது நின்ற இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். டயரின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் அளந்து சராசரி எடுத்தபோது முன் டிராக் 1309, பின் டிராக் 1310.

ஸ்பிரிங் கணக்கு மட்டும் மாறிவிட்டது. கீழ் விஷ்போன் 330 மி.மீ.யிலிருந்து 350 ஆனது. ஸ்பிரிங் தாங்கி உள் முனையிலிருந்து 230 மி.மீ.யிலேயே இருக்கிறது. இவ்விரண்டின் விகிதத்தின் வர்க்கப்படி சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு சுமார் 11 சதவீதம் குறைகிறது, முன்புறமும் சற்றுத் தாழ்ந்து நிற்கிறது. பழையதைவிட அரைக்கால் (எட்டில் ஒரு) பங்கு விறைப்புக் கூடிய ஸ்பிரிங்குகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவை வந்ததும் வண்டியை டிரெய்லரில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை பந்தய ஓடுதளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குள் 1310க்கு ஏற்றபடி பின் மட்கார்டுகளை வெளியே தள்ளிப் பொருத்தும் வேலை இருக்கிறது.