எங்கள் மொட்டை மாடி சோலார்: வாடகைக்கு விடாமல் சொந்தமாகப் போட்ட கதை

கோவையில் எங்கள் அபார்ட்மென்டில் 24 வீடுகள். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் பொது மின் இணைப்பில் ஓடுகின்றன. வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் அதற்குக் கிடையாது. யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் கட்டுகிறோம். அதனால்தான் மாடியில் 10 கிலோவாட் சோலார் போடலாம் என்ற பேச்சே வந்தது. இதே யோசனையில் இருக்கும் சங்கங்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் வந்த நிறுவனம், "நீங்கள் பணமே போட வேண்டாம், மாடியை மட்டும் கொடுங்கள். பேனல் எங்களுடையது, மின்சாரத்தை 25 வருடம் எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றது. பலருக்கும் பிடித்துப்போனது. எனக்கு மனம் ஒப்பவில்லை. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி, 2006-ல் தன் சேமிப்போடு வங்கிக் கடனும் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக வாங்கியது. ஊர்த் தேவை போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தில் கடனையும் அடைத்தது. ஒரு கிராம ஊராட்சியால் முடிந்தது நம்மால் முடியாதா என்று பொதுக்குழுவில் கேட்டேன்.

உடனே யாரும் சரி என்று சொல்லிவிடவில்லை. மேல் மாடி அக்காவின் கேள்விதான் முக்கியமானது: "நாளைக்குத் தளம் ஒழுகுனா யாருங்க வந்து பார்ப்பாங்க? வடகம் எங்கீங்க காய வைக்கிறது?" நியாயமான பயம். 10 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 1,000 சதுர அடி போய்விடும். அடுத்த கூட்டத்தை மாடியிலேயே வைத்தோம். பேனல் வரும் இடத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினோம். தளத்தைத் துளைக்காமல் கான்கிரீட் கட்டைகள் மேல் சட்டத்தை நிறுத்துவது, அடியில் ஆள் நடந்துபோய்த் துணி காயப்போடும் அளவுக்கு உயர்த்துவது என்று அங்கேயே முடிவானது. உயரம் கூடினால் இரும்புச் செலவும் கூடும். ஆனாலும் அதை ஏற்றுக்கொண்டதால்தான் அந்த அக்காவின் கையெழுத்து முதலில் விழுந்தது. அந்தக் கூடுதல் செலவு வீண் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

பணத்தை, நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிபடாத பங்கின் விகிதத்தில் போட்டோம். ஓய்வூதியத்தில் வாழும் இருவருக்குத் தவணை கொடுத்தோம். யார் எவ்வளவு போட்டார்கள் என்ற பதிவேட்டை எல்லாரும் பார்க்கலாம்.

அப்புறம் வந்ததுதான் நாங்கள் எதிர்பாராத தடை. பொது இணைப்பு இன்னும் பில்டர் பெயரிலேயே இருந்தது. அதைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றாமல் சோலார் விண்ணப்பம் நகராது. சங்கப் பதிவுச் சான்று, தீர்மான நகல், பான் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் சங்கத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். சோலார் பற்றிப் பேசத் தொடங்கும் நாளிலேயே பெயர் மாற்றத்துக்கும் கொடுத்துவிடுவது நல்லது.

மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொது வசதிகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். எங்களுக்கு 1,80,000 ரூபாய். இதற்குப் பேனலும் அதிலுள்ள செல்லும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். போடுபவரும் திட்டத்தின் பட்டியலில் இருப்பவராக இருக்க வேண்டும். மானியம் வேலை முடிந்து, ஆய்வும் முடிந்த பிறகுதான் வரும். அதனால் முழுத் தொகையையும் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

மின்வாரியத்திடம் வாங்குவதையும் அதற்குக் கொடுப்பதையும் அளக்கும் இருவழி மீட்டர் மாட்டியாகிவிட்டது. நல்ல வெயில் நாளில் 40 யூனிட் வரை வருகிறது. பேனலில் தூசி படிந்தால் உற்பத்தி குறைவது ஆப்பில் தெரிந்துவிடும். முறை வைத்துக் கழுவுகிறோம், பிள்ளைகளும் குழாயைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மிச்சமாகும் பணத்தில் மாதச் சந்தாவைக் குறைப்பதா, லிஃப்ட் பழுதுக்குச் சேர்த்து வைப்பதா என்று அடுத்த பொதுக்குழுவில் பேசப்போகிறோம். சந்தா கட்டுவது அவர்களும்தான் என்பதால், இந்த முறை வாடகைக்கு இருப்பவர்களையும் கூப்பிட்டிருக்கிறோம்.